இசையிணைப்புக் கருவிகளும் தீவகத்து இளைஞரும்

திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்பவற்றின் பின்னர் கேள்வி என ஓர் அதிகாரத்தை வகுத்தார். அவர் கருதியது அறிவுடையார் சொற்களைக் கேட்டலையே எனினும், செவியைப் பயிற்றாதவனுடைய கல்வி நிறைவுறாது என்னும் அக்கொள்கை இசைக்கும் பொருந்துவதாகும். கருவி வாங்குவதைப்பற்றி எழுதப் புகுந்தவன் வள்ளுவரை முன்னிறுத்துவானேன் என்று வாசகர் வினவலாம். அதற்குரிய விடை கட்டுரை முழுவதிலும் பரந்து கிடக்கின்றது.

நம் கல்லூரியின் விழா ஆண்டை முன்னிட்டுக் கனடாவில் வாழும் பழைய மாணவர் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். "மாஸ்டர், விளையாட்டுப் போட்டிக்கும் கலைவிழாவுக்கும் ஒவ்வொரு முறையும் யாழ்ப்பாணத்திலிருந்து வாடகைக்கு ஆள் பிடிக்கிறார்களாம். பெடியள் தாங்களே பழகட்டும். நல்லதொரு டீ.ஜே. செற் வாங்கித் தருகிறோம். எதை வாங்குவது என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்" என்பது அக்கடிதத்தின் சாரம். இதனை ஆசிரியர் கூடத்தில் வாசித்துக் காட்டியபோது, "திருவிழாக் காலத்து இரைச்சல் போதாதென்று கல்லூரிக்குள்ளும் ஒன்று வேண்டுமா?" என்று ஒருவர் கேட்டார். கடிதம் எழுதியவரின் அன்பும் உண்மை. கேள்வி கேட்டவரின் அச்சமும் உண்மை. பௌதிகவியல் படிப்பித்துக் காலங்கழித்தவனேயன்றி மேடை ஏறியவன் அல்லன் நான். ஆயினும் இரு தரப்பாருக்கும் விடை கூறவேண்டிய கடன் என்மேல் விழுந்தமையின், ஆராய்ந்து அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

தீவார் வளர்த்த கலை

டீ.ஜே. என்பது இசைத்தட்டை ஓட்டுபவன் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும். பாட்டு முடிந்ததும் தட்டைத் திருப்பி, ஊசியை வைத்து, மீண்டும் முள் கரகரத்துப் பாட்டு எழும்வரை ஊர் முழுவதும் காத்திருக்கும். அந்த இடைவெளியை இல்லாமற் செய்யவேண்டும் என்னும் எண்ணமே இக்கலையின் வித்து. ஒரு தட்டுப் பாடிக்கொண்டிருக்கையில் மற்றத் தட்டை ஆயத்தஞ் செய்து, முன்னதன் தாளத்தோடு பின்னதன் தாளத்தைப் பொருத்தி, கேட்போர் அறியாவண்ணம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்திவிடுதலே அதன் முழுத் தொழிலும் ஆகும்.

தீவகத்தாராகிய நாம் மகிழ்ந்து அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இக்கலையை வளர்த்தவருட் பலர் தீவார். 1950ஆம் ஆண்டுகளில் யமேக்கா என்னும் கரீபியத் தீவின் தலைநகரான கிங்ஸ்ரனில், பெரும் ஒலிபெருக்கிப் பெட்டிகளைத் தெருவில் அடுக்கி இசைத்தட்டுக்களை முழக்கும் வழக்கம் ஓங்கியிருந்தது. அந்நகரிற் பிறந்து 1967இல் நியூயோர்க்குக்குச் சென்ற கூல் ஹேர்க் என்பார், 1973 ஓகஸ்ட் 11ஆம் திகதி பிரொங்ஸ் பகுதியில் நிகழ்ந்த ஒரு விருந்தில் இசைத்தட்டு ஓட்டினார். ஹிப்-ஹொப் இசையின் பிறந்தநாளாக அந்த நாளையே இன்று கொண்டாடுகின்றனர். ஒரே பாட்டின் இரண்டு தட்டுக்களை இரு சுழலிகளில் வைத்து, முழவு மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை மாறி மாறி ஓட்டி நீட்டியது அவர் கண்ட உத்தி. பார்படோஸ் தீவிற் பிறந்த கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் என்பார் அதனைச் செப்பஞ் செய்தார். அடுத்த தட்டைச் சபையோர் கேளாமல் தாம் மட்டும் ஹெட்ஃபோனில் முன்கூட்டிக் கேட்டு ஆயத்தஞ் செய்யும் முறையை வழக்காக்கியவருள் அவர் முதன்மையானவர். இவர்கள் கையாண்ட சுழலிகளிற் புகழ்பெற்ற டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 என்பது 1972இல் யப்பான் தீவுகளிலிருந்து வெளிவந்தது. இன்று உலகெங்கும் வழங்கும் செராட்டோ என்னும் மென்பொருள் நியூசிலாந்துத் தீவினர் ஆக்கியது.

ஒலிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கும் எண்ணம் நமக்கும் புதியதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே குழல், யாழ், தண்ணுமை, முழவு முதலிய கருவிகள் ஒன்றன் வழி ஒன்று நின்று இசையிற் கூடும் முறையை இளங்கோவடிகள் வரிசைப்படுத்திக் காட்டுகின்றார். எது முன்னே, எது பின்னே, எது எதனைத் தழுவி நிற்பது என்னும் விவேகமே அங்கும் இங்கும் வேண்டப்படுவது.

கொன்ட்ரோலர்

இரு சுழலிகளும் அவற்றிடையே நின்ற கலவைப்பெட்டியும் இன்று ஒரு பலகையளவு கருவியாகச் சுருங்கிவிட்டன. அதனையே கொன்ட்ரோலர் என்பர். அதில் இரு வட்டச் சில்லுகள், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இரு நெடுந்தண்டுகள், ஒவ்வொரு பாட்டின் ஒலியளவையும் ஏற்றி இறக்கும் தண்டுகள், ஒரு பாட்டிலிருந்து மற்றதற்குக் கடத்தும் குறுக்குத் தண்டு, தாழ்ந்த, நடுத்தர, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே திருத்தும் திருகிகள் என்பன அமைந்திருக்கும்.

கொன்ட்ரோலர் பாடுவதில்லை என்பதை முதலில் மனங்கொள்ளல் வேண்டும். பாட்டு இருப்பது மடிக்கணினியில். விரலின் அசைவை எண்ணாக மாற்றிக் கணினிக்கு அறிவிப்பதே இக்கருவியின் வேலை. 1983இல் வகுக்கப்பட்ட மிடி என்னும் முறைப்படி இவ்வெண் சாதாரணமாக 0 முதல் 127 வரை அமையும். ஒலியளவைக் குறிக்க 128 படிகள் போதும். வேகத் தண்டுக்கோ அவை போதா. கூட்டியும் குறைத்தும் நூற்றுக்கு 8 வீதம் மாற்றக்கூடிய தண்டை 128 படிகளாகப் பிரித்தால், ஒரு படி நூற்றுக்கு 0.125 வீதமாகும். ஒரு படி பிசகினும் இரு பாட்டுக்களும் ஒரு நிமிடத்தில் 75 மில்லிசெக்கன் விலகிவிடும். செவி அதனை உடனே கண்டுகொள்ளும். ஆதலின் வேகத் தண்டை 16,384 படிகளாகப் பகுக்கும் நுண்மையுடைய கருவியையே தெரிந்தெடுத்தல் வேண்டும். தண்டு நீளமாக இருத்தலும் நன்று. மிகச் சிறிய பயணக் கருவிகளில் தண்டு விரற்கடையளவே இருப்பதனாற் பழகுவோர் இடர்ப்படுவர்.

இரண்டாவதாக நோக்கவேண்டியது ஹெட்ஃபோன் வழி. சபைக்குச் செல்லும் ஒலி வேறு, இயக்குபவன் முன்கூட்டிக் கேட்கும் ஒலி வேறு என இரண்டாகப் பிரித்துத் தரும் ஒலியட்டை கருவிக்குள்ளேயே இருத்தல் வேண்டும். இஃது இல்லாத கருவி எத்துணை விளக்குகள் மின்னினும் விளையாட்டுப் பொருளே.

மூன்றாவது, ஒலி வெளியேறும் வாயில். சிறிய கருவிகளில் ஆர்.சி.ஏ. என்னும் இரட்டைச் செருகிகள் மாத்திரம் இருக்கும். அவற்றிலிருந்து நீண்ட கம்பி இழுத்தால், அருகே ஓடும் மின்கம்பியின் ரீங்காரம் அதில் ஏறும். எக்ஸ்.எல்.ஆர். என்னும் முப்பின் செருகியுடைய பெரிய கருவிகளில் இத்தொல்லை குறைவு. சிறிய கருவியை வாங்குவோர் ஒரு சிறு கலவைப்பெட்டியை அருகே வைத்து, அதிலிருந்து முப்பின் கம்பியால் ஒலிபெருக்கிக்குச் செல்வது தக்கது. அக்கலவைப்பெட்டியினாற் பிறிதொரு பெரும்பயனும் உண்டு; அதனைப் பின்னர்க் கூறுவேன்.

நான்காவது நம் தீவுகளுக்கே உரியது. நெடுந்தீவும் நயினாதீவும் அனலைதீவும் நாட்டின் பொது மின்தொகுதியோடு இணையாது டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி வாழ்ந்து வந்தவை. இம்மூன்றிலும் காற்று, ஞாயிற்றொளி, மின்கலம், டீசல் ஆகியவற்றைக் கலந்து மின்னாக்கும் திட்டத்துக்கு 2024 மார்ச் 1ஆம் திகதி இந்திய நன்கொடையோடு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. எங்கிருந்து மின் வரினும், விழா நடுவில் அது நொடிப்பொழுது நின்று மீள்வது நாம் அறியாததன்று. கணினியே இல்லாமல் யூ.எஸ்.பி. பென்னிலிருந்து பாடும் முழுமைக் கருவிகள் இன்று உள்ளன. 2015இல் வந்த பயனியர் எக்ஸ்.டீ.ஜே.-ஆர்.எக்ஸ். அவ்வகையினது. மின் அறுந்தால் அவை அணைந்து, மீண்டும் விழித்தெழச் சிறிது நேரம் பிடிக்கும். மடிக்கணினிக்கோ தன் மின்கலம் உண்டு. அதன் யூ.எஸ்.பி. வழியே மின்னைப் பெறும் கொன்ட்ரோலரும் சில வாற்றுக்களோடு அமைந்து, இருளிலும் விழித்திருக்கும். ஒலிபெருக்கி மீண்டதும் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆதலின் கொழும்பு மண்டபங்களுக்கு ஏற்றதென்று புகழப்படும் முழுமைக் கருவியைக் காட்டிலும், தீவகத்துக்கு யூ.எஸ்.பி. மின்னில் இயங்கும் எளிய கருவியே சிறந்தது.

ஐந்தாவது, உப்புக்காற்று. குறிகாட்டுவானில் வள்ளம் ஏறிய பொருள் யாவும் கடற்றூவலை நுகரும். தண்டுகளின் அடியிலுள்ள தொடுகைகள் உப்பினாற் கறுத்தால் ஒலி கரகரக்கும், ஒரு பக்கம் மறையும். காற்றுப்புகாத மூடியுடைய பிளாஸ்ரிக் பெட்டியில், ஈரமுறிஞ்சும் சிறு பொதிகளோடு கருவியை வைத்தல் வேண்டும். தனியே கழற்றி மாற்றக்கூடிய குறுக்குத் தண்டு உடையதாயின் இன்னும் நன்று. பழுதுபார்ப்பவர் கடல் கடந்து இருக்கின்றார் என்பதை வாங்கும்போதே நினைத்தல் புத்திசாலித்தனம்.

மென்பொருள்

மென்பொருள் வகை பல. 2000ஆம் ஆண்டளவிற் பேர்லினிலிருந்து வந்த டிராக்டர் (உழவு இயந்திரத்தின் பெயரே எனினும் எழுத்திற் சிறு வேறுபாடு உண்டு), செராட்டோ, பயனியர் பெயரோடு வெளிவந்த ரெக்கோர்ட்பொக்ஸ், வேர்ச்சுவல் டீ.ஜே. என்பன பெயர்பெற்றவை. இவற்றுட் பெரும்பாலானவை விலைக்கோ மாதக் கட்டணத்துக்கோ கிடைப்பவை. குறித்த கொன்ட்ரோலரை வாங்கினால் அதனோடு எளிய பதிப்பு இலவசமாக வருதலும் உண்டு. எடுத்துக்காட்டாக, 2022இன் இறுதியில் அறிமுகமான டீ.டீ.ஜே.-எஃப்.எல்.எக்ஸ்.4 என்னும் கருவியைப் பொருத்தியதும் ரெக்கோர்ட்பொக்ஸின் இணைப்புப் பகுதி கட்டணமின்றித் திறந்துகொள்ளும். வேர்ச்சுவல் டீ.ஜே. வீட்டுப் பயிற்சிக்கு இலவசம். ஊதியம் பெறும் தொழிலுக்கு உரிமம் வேண்டும்.

இவற்றினின்று வேறுபட்டது மிக்ஸ் என்பது. 2001இல் தொடங்கி உலகெங்குமுள்ள தன்னார்வலர் வளர்த்து வரும் இம்மென்பொருள் முற்றிலும் இலவசமானது. லினக்ஸ் இயங்குதளத்திலும் ஓடுவதால் பழைய மடிக்கணினியும் இதற்கு உதவும். மாதக் கட்டணம் கட்டத் தவறினால் நின்றுவிடும் என்னும் அச்சமும் இல்லை. நன்கொடையாளரின் தயவு ஓராண்டுக்கே நிற்கலாம்; கல்லூரியோ நூற்றாண்டுக் கணக்கில் நிற்பது. இக்காரணத்தால் நம் மாணவர் முதலிற் பயிலத்தக்கது மிக்ஸ் என்பதே என் துணிபு.

மென்பொருள் எதுவாயினும் மூன்று சோதனைகளைச் செய்து பார்த்தல் வேண்டும்.

முதலாவது தாளச் சோதனை. இம்மென்பொருள்கள் பாட்டை ஆராய்ந்து, நிமிடத்துக்கு எத்தனை அடி என்று கணித்து, நான்கு நான்காகக் கட்டம் போட்டுவிடும். மேலைநாட்டு நடனப் பாட்டுக்களுக்கு அது பொருந்தும். நம் இசையோ நான்கில் அடங்குவதன்று. மிச்ரசாபு ஏழு, கண்டசாபு ஐந்து. மிச்ரசாபுப் பாட்டொன்றில் நாலடிச் சுழற்சியை இயந்திரம் வெட்டியெடுத்தால் தாளத்தின் கழுத்தை முறித்தது போலாகும். இத்தகைய இடங்களிற் சுழற்சியின் தொடக்கத்தையும் முடிவையும் கையாற் குறிக்கும் வசதி வேண்டும். அன்றியும், கணினி வருமுன் வாத்தியக்காரர் யாவரும் ஒருங்கிருந்து வாசித்த பழைய திரைப்பாட்டுக்களும் கச்சேரிப் பதிவுகளும் கடிகாரம் போல் ஓடுவதில்லை. உணர்ச்சிக்கேற்பச் சிறிது விரையும், சிறிது தாழும். யாழ்ப்பாணம் தந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933-1975) அவர்களின் தனியாவர்த்தனப் பதிவொன்றை இயந்திரத்திடம் கொடுத்து நிமிடத்துக்கு எத்தனை அடி என்று கேட்பது, கடலலையை முழக்கோலால் அளப்பதற்கு ஒப்பாகும். காலப்பிரமாணம் மாறாதது எனக் கொள்வதா, மாறுவது எனக் கொள்வதா என்று நாமே தெரிவுசெய்யும் வசதி மிக்ஸிலும் ரெக்கோர்ட்பொக்ஸிலும் உண்டு. ஸிங்க் என்னும் பொத்தானை அழுத்தினால் தாளம் தானே பொருந்தும் என்பதை நம்பி, செவியாற் பொருத்தப் பழகாதவன் நம் பாட்டுக்களிடம் தோற்றுப்போவான்.

இரண்டாவது சுருதிச் சோதனை. இசைத்தட்டை விரைவாகச் சுழற்றினால் வேகத்தோடு சுருதியும் ஏறும். ஏறத்தாழ நூற்றுக்கு 6 வீதம் விரைவித்தால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். நிமிடத்துக்கு 100 அடியுள்ள பாட்டை 106க்குக் கொண்டுசென்றால் ஒரு கட்டைப் பாட்டு ஒன்றரைக் கட்டையில் ஒலிக்கும் என்பது கணக்கு. வேகம் மாறினும் சுருதி மாறாது காக்கும் பூட்டு மென்பொருள்களில் உண்டு. ஆயினும் மிகுதியாக மாற்றினால் குரல் நடுங்கி, தவிலின் மிடுக்கும் மழுங்கும். சுருதி ஒவ்வாத இரு பாட்டுக்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றுவது, இரண்டரைக் கட்டை நாயனத்தின் அருகில் இரண்டு கட்டை நாயனத்தை வாசிப்பதற்குச் சமம். எனவே பாட்டைத் தெரியும்போதே சுருதியைக் குறித்து வைத்துக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது தாமதச் சோதனை. கணினி ஒலியைச் சிறு மூட்டைகளாகக் கட்டி அனுப்புகின்றது. செக்கனுக்கு 44,100 மாதிரிகள் கொண்ட பதிவில், 512 மாதிரிகள் ஒரு மூட்டையாயின் 11.6 மில்லிசெக்கன் பிந்தும். அந்நேரத்தில் ஒலி காற்றில் ஏறத்தாழ 4 மீற்றர் செல்லும். நான்கு மீற்றருக்கு அப்பால் நிற்கும் தவிலைக் கேட்பது போன்ற தாமதம் அது, கைக்கு உறுத்தாது. மூட்டையை 2,048 மாதிரிகளாக்கினால் தாமதம் 46 மில்லிசெக்கன் ஆகி, கை ஒரு பக்கமும் ஒலி ஒரு பக்கமும் நிற்கும். மாறாக, மூட்டையை மிகச் சிறிதாக்கினால் வலுக்குறைந்த கணினி திணறிப் படபடவென ஒலிக்கும். நம் கணினி திணறாத மிகச்சிறிய அளவைக் கண்டு அதில் நிறுத்தல் வேண்டும்.

பாட்டுக்களை இணையத்திலிருந்து நேரே இழுத்து ஓட்டும் வசதியை நம் தீவுகளில் நம்புதல் ஆகாது. யாவற்றையும் வட்டில் வைத்துக்கொள்க. சுருக்கப்படாத பதிவு நிமிடத்துக்கு 10 மெகாபைற்று அளவும், 320 கிலோபிற்று எம்.பி.3 பதிவு 2.4 மெகாபைற்று அளவும் கொள்ளும். இதனிலும் குறைந்த தரமுள்ளவை சிறு ஹெட்ஃபோனில் இனித்தாலும் பெரும் ஒலிபெருக்கியிற் கைத்துப்போம். விழா நாளன்று கணினியின் இணையத்தை அறுத்து, தானே புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் நிறுத்தி வைத்தல் நலம்.

ஒலி மாற்றிகள்

எஃபெக்ட் என வழங்கும் ஒலி மாற்றிகளிலேயே இளைஞர் மனம் முதலிற் பறிபோகின்றது. கறிக்கு உப்புப் போன்றவை இவை. உப்பே கறியாதல் இல்லை.

யாவற்றினும் முதலிற் கற்கவேண்டியது மும்மைத் திருகிகளின் பயன். இரு பாட்டுக்கள் கூடுமிடத்தில் இரண்டின் தாழ்ந்த ஒலியும் ஒருங்கே முழங்கினால் ஒலி கலங்கிச் சேறாகும். புதிய பாட்டின் தாழ்ந்த ஒலியைக் குறைத்து உள்ளே கொணர்ந்து, பின்னர் பழையதன் தாழ்ந்த ஒலியைக் குறைத்துப் புதியதன் ஒலியை எழுப்புவதே முறை. இதனை மட்டும் செவ்வனே கற்றவன் வேறு மாற்றி ஒன்றுமின்றியே ஓர் இரவை நடத்திவிடுவான்.

அடுத்தது வடிகட்டி. திருகியை ஒரு பக்கம் திருப்பினால் உயர்ந்த ஒலிகள் மறைந்து, அடுத்த வீட்டிலிருந்து கேட்பது போலாகும். மறுபக்கம் திருப்பினால் தாழ்ந்த ஒலிகள் மறைந்து, பழைய வானொலி போலாகும். பாட்டை மெல்ல விலக்குவதற்கு இது மிக ஏற்றது.

மூன்றாவது எதிரொலி. இதன் வரலாறு சுவையானது. கிங்ஸ்ரன் நகரில் கருவிகள் பழுதுபார்த்து வாழ்ந்த கிங் ரபி என்னும் தொழில்நுட்பர், 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே பாட்டிலிருந்து குரலை நீக்கி, எஞ்சிய இசையில் எதிரொலியை ஏற்றி டப் என்னும் புதிய இசை வகைக்கே வழிகோலினார். இன்று பொத்தான் ஒன்றில் அடங்கும் வித்தையை அவர் தம் கையாற் கட்டியமைத்தார். எதிரொலி தாளத்தோடு பொருந்தல் வேண்டும். நிமிடத்துக்கு 120 அடியாயின் ஓரடி அரைச் செக்கன். 90 அடியாயின் செக்கனில் மூன்றில் இரண்டு பங்கு. பொருந்தாத எதிரொலி தடுமாறும் காலடி போன்றது.

நான்காவது முழக்கம், அதாவது மண்டபத்தில் ஒலி நிறைந்து தேய்வது போன்ற தோற்றம். நம் கல்லூரி மண்டபம் போன்ற கற்சுவர் மண்டபங்களில் இதனைத் தொடாதிருத்தலே அறிவு. 17 மீற்றருக்கு அப்பாலுள்ள சுவரில் மோதிய ஒலி செக்கனிற் பத்திலொரு பங்கில் திரும்பி வரும். சுவரே தருவதன்மேல் இயந்திரமும் தந்தால் பாட்டின் சொற்கள் ஒன்றும் விளங்கா.

2020 முதல், பாட்டிலிருந்து குரலையும் வாத்தியத்தையும் அவ்விடத்திலேயே பிரித்துத் தரும் வித்தை சில மென்பொருள்களிற் புகுந்துள்ளது. வியப்புக்குரியதே. எனினும் அதற்கு வலுவுள்ள கணினி வேண்டும். நாதசுரத்தைக் குரலென்று மயங்கிப் பிரிக்கவுங் கூடும். முதலாண்டில் இதனைத் தேடி ஓடவேண்டியதில்லை.

தணிக்கும் தண்டு

நிற்க. ஆசிரியர் கூடத்தில் எழுந்த வினாவுக்கு இப்பொழுது வருகின்றேன்.

சில ஆண்டுகளின் முன்னர் தீவொன்றில் ஒரு திருமண வீட்டுக்குச் சென்றிருந்தேன். மணவறையின் ஒரு பக்கத்தில் மங்கலவாத்தியம், மறுபக்கத்தில் டீ.ஜே. செற்றோடு ஓர் இளைஞன். கருவி உயர்ந்தது, பாட்டுக்களும் குறைசொல்லத்தக்கன அல்ல. தாலி கட்டும் வேளையில் ஐயர் கையுயர்த்தினார். இளைஞன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தவிற்காரர் கெட்டிமேளத்தை முழு வலியோடும் முழக்கினார். பக்கத்தில் இருந்த எனக்கே அது கேட்கவில்லை. வாசித்து முடித்த அம்முதியவர் கழியை மடியில் வைத்துவிட்டு, பெட்டிகளை ஒருமுறை பார்த்தார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. அவ்விளைஞன் என் மாணவன். அவனிடத்திற் செருக்கு இல்லை. எந்தத் தண்டை எப்பொழுது இறக்குவது என்று ஒருவரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவனுக்குப் பௌதிகம் படிப்பித்தவன் நான் என்பதனால் அக்குறையில் எனக்கும் பங்குண்டு.

முன்னர்ச் சொல்வதாகக் கூறிய பெரும்பயன் இதுவே. சிறு கலவைப்பெட்டி ஒன்று இருப்பின், நாதசுரத்துக்கும் தவிலுக்கும் ஐயருக்கும் உரிய மைக்குகள் அதில் தனித்தனியே சேரும். டீ.ஜே.யின் ஒலியும் அதில் ஒரு தண்டுக்குள் அடங்கும். பொறுப்புள்ள ஒருவர் அப்பெட்டியருகே இருந்து, வேண்டும்போது அத்தண்டை இறக்கிவிடலாம். அளவெட்டி பத்மநாதன் போன்ற நாதசுர மேதைகளை ஈன்ற நாட்டில், மங்கலவாத்தியத்துக்கு வழிவிடாத கருவி எத்துணை விலையுயர்ந்ததாயினும் அது நம் கருவி ஆகாது.

ஒலியளவைப்பற்றியும் சில சொல்லவேண்டும். 85 டெசிபெல் அளவுள்ள ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் வரை செவி தாங்கும் என்பது தொழிற்சுகாதார வல்லுநர் வகுத்த எல்லை. மூன்று டெசிபெல் ஏறுந்தோறும் அந்நேரம் பாதியாகும். 100 டெசிபெலிற் கால்மணி நேரமே பாதுகாப்பானது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசையரங்குகளுக்கு வகுத்த நெறியிலும் கால்மணி நேரச் சராசரி 100 டெசிபெலைக் கடத்தலாகாது என்றே கூறப்பட்டுள்ளது. வெட்டவெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் ஒலி 6 டெசிபெல் குறையும். ஆகவே ஒரு மூலையிற் பெரும்பெட்டியை வைத்து அலறவிடுவதைக் காட்டிலும், சிறு பெட்டிகளைச் சபையினிடையே பரப்பி மெல்ல ஒலிக்கச் செய்வதே அறிவுடைமை. கருவியின் அளவுகாட்டியிற் சிவப்பு விளக்கு எரியவிடுதல் ஆகாது. சிவப்பு எரியும்போது ஒலியலையின் தலை வெட்டுண்டு, பெட்டியின் உயர்சுர ஒலிப்பான் கருகும்.

சட்டமும் ஒன்றுண்டு. ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி பெறல் வேண்டும். 2007 நவம்பர் 9ஆம் திகதி இலங்கை உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதற் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது எனக் கட்டளையிட்டது. விளக்கொளியிற் படிக்கும் பரீட்சை மாணவனும் நோயுற்ற முதியவரும் உறங்கும் குழந்தையும் நம் இசையின் சபையினரே. தாம் கேட்க விரும்பாததைக் கேட்காதிருக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

முடிவுரை

கனடாவிலுள்ள அன்பருக்கு யான் எழுதிய விடை இது: யூ.எஸ்.பி. மின்னில் இயங்குவதும், நீண்ட வேகத் தண்டும் ஹெட்ஃபோன் வழியும் உடையதுமான இரு தட்டுக் கொன்ட்ரோலர் ஒன்று, மிக்ஸ் மென்பொருள் ஏற்றிய மடிக்கணினி ஒன்று, செவியை மூடும் நல்ல ஹெட்ஃபோன் இரண்டு, சிறு கலவைப்பெட்டி ஒன்று, நல்ல மைக்குகள் மூன்று, முப்பின் கம்பிகள், உப்புக்காற்றுப் புகாத பெட்டி. இவற்றுக்குப் பின்னும் பணம் எஞ்சினால் அதனைக் கொண்டு பெரிய கருவி வாங்கவேண்டாம். ஊரிலுள்ள நாதசுர, தவில் வித்துவான்களை வருவித்து, மாணவருக்குத் தாளமும் சுருதியும் படிப்பிக்கச் செய்து, அந்த வாசிப்புக்களை அவர்கள் இசைவோடு பதிவுசெய்து கல்லூரியிற் பேணுக. கூல் ஹேர்க் தம் தீவின் வழக்கத்தை நியூயோர்க்குக்குக் கொண்டுசென்றார். அதனால் அவர் கலை வேரூன்றியது. நம் பெடியளும் தம் தீவின் ஒலியை அறிந்த பின்னரே பிறர் ஒலியோடு அதனை இணைக்க வல்லவராவர்.

டீ.ஜே. ஒருவன் ஹெட்ஃபோனை ஒரு செவியில் மட்டும் வைத்து நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அஃது அலங்காரம் அன்று. ஒரு செவி இனி வரப்போகும் பாட்டுக்கு. மற்றது முன்னிருக்கும் சபைக்கு. அந்த இரண்டாவது செவியை எக்கடையிலும் விலைக்கு வாங்க முடியாது. அதனை மாணவருக்குக் கொடுப்பது நம் கடன்.

அன்பரிடமிருந்து மறுமடல் வந்துவிட்டது. "மாஸ்டர், அப்படியே செய்வோம். முதல் பாடத்துக்கு அந்தத் தவிற்கார ஐயாவையே கூப்பிடுங்கள்" என்று எழுதியிருக்கின்றார். கேட்டுப் பார்த்தேன். வருவதற்கு இசைந்திருக்கின்றார்.